அர்ச்சனைக்குப் போகாதவள்

"பெத்த தாய் செத்துப் பிழைச்சு வந்திருக்கிறா. ஒரு அர்ச்சனை செய்ய உனக்கு நேரமில்லையோ?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார் கீழ் ஃபிளாட் றேணுகா அன்ரி. அடுத்த வீட்டு விஷயம் என்றால் அவருக்குப் பசி, தாகம் தெரியாது.

மேனுகா அம்மாவின் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அம்மாவுக்கு பைபாஸ் முடிந்து மூன்று கிழமை. அப்பா எப்போதோ போய்விட்டார். அண்ணா அபிஷன் கனடாவில். கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் சமைப்பது, அம்மாவைக் குளிப்பாட்டுவது, காயத்தைத் துடைப்பது எல்லாம் இவள்தான்.

"அம்மா அழவோ பதறவோ கூடாது. ஒரு அதிர்ச்சி போதும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மேனுகாவுக்கு நித்திரையே இல்லை.

அன்ரி கட்டிலில் இருந்த அம்மாவிடம் திரும்பினார். "மகன் ஃபோனில கதைக்கிறவனோ, பாலேஸ் அக்கா?"

"வேலை கூடவாம். ஒவ்வொரு நாளும் மெசேஜ் போடுறான். இவள் வாசிச்சுக் காட்டுவாள்."

"நேரத்துக்கு மருந்து குடிக்கட்டாம். இண்டைக்கும் அண்ணா போட்டிருக்கிறார்," என்றாள் மேனுகா அவசரமாக.

"தூரத்தில இருக்கிறவனுக்கு இருக்கிற அக்கறை உனக்கில்லை. எழும்பு! என்ர மகள் யதுஷா கீழ ஓட்டோவில நிக்கிறாள். அவளோட கோயிலுக்குப் போயிட்டு வா."

"படிக்க இருக்கு, அன்ரி."

"வந்து படி."

"அம்மாவைத் தனிய விடேலாது."

"நான் இருக்கிறன்."

மேனுகா தடுமாறினாள். "எனக்கு... பீரியட்ஸ், அன்ரி. துடக்கோட கோயிலுக்குப் போகேலாது."

"போன வெள்ளியும் இதைத்தானே சொன்னனீ?"

மேனுகா மறுபடியும் மாத்திரைகளை எண்ணத் தொடங்கினாள். கட்டிலில் இருந்து அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு, றேணுகா. நித்திரை முழிச்சு முழிச்சு பிள்ளைக்கு உடம்பு கெட்டுப் போச்சு."

"நீங்கள் குடுக்கிற செல்லம்தான் அக்கா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாமியும் இல்லை, பூதமும் இல்லை."

முணுமுணுத்துக்கொண்டே அன்ரி இறங்கிப் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்தபோது அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மேனுகா ஓடிப்போய்த் தையல் இழுபடாமல் நெஞ்சில் தலையணையை வைத்து அழுத்தினாள். இருமல் நின்ற பிறகும் அம்மா அவள் கையை விடவில்லை.

"மன்னிச்சிடுங்கோ அம்மா. அடுத்த வெள்ளி கட்டாயம் போறன்."

"போகமாட்டாய். எனக்கு ஆயிரம் பொய் சொல்லுவாய். சாமிக்குச் சொல்ல உனக்குத் தைரியமில்லை."

"அம்மா..."

"நான் அழமாட்டன், பயப்பிடாதை. அண்ணான்ர செத்தவீட்டுத் துடக்கு எண்டைக்குப் பிள்ளை கழியுது?"