கழற்றிவைத்த சப்பாத்து

சுற்றுலாப் போன இடத்தில், கைரவான் என்ற புனித நகரின் பழைய சந்துகளில் அலைந்த குகதாசன், ஒரு தர்காவுக்குள் போய்விட்டு வந்தபோது வாசலில் விட்ட சப்பாத்தைக் காணவில்லை. ஆத்திரத்தில் வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டு நடந்தான். சந்து நெடுக ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது.

பயணம் முடிந்து டோர்செட் பார்க்கில் இருந்த தன் அப்பார்ட்மென்டுக்குத் திரும்பியதும் மனைவி நிரூபா மறித்தாள்.

"களவெடுத்தது உள்ள வேண்டாம். வெளியிலயே கிடக்கட்டும்."

நேற்று அவன் வேலையால் வந்தபோது கதவடியில் அது இல்லை. அந்த இடத்தில் அவனுடைய சொந்தச் சப்பாத்து இருந்தது. கையில் எடுத்தான். உள்ளே கால்சூடு இன்னும் ஆறவில்லை.

மணியடித்தான். நிரூபா சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கால் பார்த்தாள். முன்பின் தெரியாதவனைப் பார்க்கும் பார்வை.

"ஆரப்பா அது?" உள்ளே சாப்பாட்டு மேசையிலிருந்து கேட்டது அவனுடைய சொந்தக் குரல்.

கதவைச் சாத்திக்கொண்டே நிரூபா சொன்னாள்: "ஆரெண்டு தெரியேல்ல. உங்கட சப்பாத்தைக் கையில எடுத்துக்கொண்டு நிக்கிறான்."