நரசிம்ம ராஜா

"நீ எடுத்ததை நம்ம பண்ணையாள் வீரையன் அப்பவே பாத்திருக்கான். மறைக்காம சொல்லு" என்றார் பஞ்சநதம், குடிசை வாசலில் நின்றபடியே.

காத்தாயி முறத்தில் புடைப்பதை நிறுத்தவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. "ஆமாங்க, நான்தான் எடுத்தேன்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை. நன்னிலத்துப் பண்ணைக்கு வாரிசு என்றாலும் அவருக்கு நிலத்தைவிடப் பழைய சீட்டுக்கட்டுகள் மீதுதான் பித்து. ஊர் ஊராக அலைந்து அலமாரி நிறையச் சேர்த்திருந்தார். அதில் உசத்தி, அப்பா விட்டுப்போன கட்டு. மராட்டிய ராஜா காலத்தது. வட்ட வட்டமான சீட்டுகளில் தசாவதாரம் வரைந்திருக்கும். நரசிம்ம ராஜாவை மட்டும் காணோம்.

தோப்பு வீட்டில் சீர்காழி மிராசுதாரரோடு ஆடிய ஆட்டத்தில், அப்பா கடைசியாக இறக்கி ஜெயித்த சீட்டு அது. அந்த வெற்றியைப் பற்றிப் பெருமையடிக்காத நாளில்லை. என்ன ஜெயித்தார் என்று மட்டும் சொன்னதே இல்லை.

காத்தாயி அப்போது சீர்காழிப் பக்கத்திலிருந்து பண்ணைக்குப் புதிதாக வந்த சிறுமி; தோப்பு வீட்டு வாசலைக் கூட்டும்போது படம் அழகாயிருக்கிறதே என்று எடுத்திருப்பாள். பஞ்சநதம் அப்படித்தான் நினைத்தார். திருப்பிக் கொடுத்துவிட்டால் மன்னித்துவிடுவதாகச் சொன்னார்.

அவள் புடைத்துக்கொண்டே இருந்தாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடிசை நிற்பது தன்னுடைய தோப்பில் என்றும், நாளைக்கே பிரித்துப் போடச் சொல்வேன் என்றும் மிரட்டினார்.

"மனைப் பட்டா என் பேருக்கு வந்தாச்சுங்க. கலெக்டரே கையில குடுத்தாரு. ஒரு கீத்தைத் தொட்டுப் பாருங்க."

பஞ்சநதத்தின் குரல் இறங்கிவிட்டது. மெட்ராஸில் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். அந்த ஒரு சீட்டு இல்லாமல் முழுக்கட்டும் மூளிதான் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவள் என்ன கேட்டாலும் தருவதாகவும் சொன்னார்.

"அது இப்ப இல்லீங்க. எடுத்த அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்."

அவர் குடிசையின் மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி, அதோட மதிப்பு என்னன்னு தெரியுமா உனக்கு?"

காத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"தெரியும். அன்னிக்கு சீர்காழிக்காரரு பணயமா வெச்சது எங்க குடும்பத்தை."