திறப்பு விழா மைக்ரோஸ்கோப்

புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓர் அறக்கட்டளை மைக்ரோஸ்கோப் வழங்கியது. பொன்னாடையும் மாலையுமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அது மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. அதன் வயர் கட்டுப் பிரிக்காமலே கிடந்தது. இருந்த ஒரே பிளக் பாயின்ட்டில் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது.

மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஒரு கண்ணாடி ஸ்லைடை வைத்தார்கள். அதில் தமயந்தி என்ற பெண்ணின் கட்டியிலிருந்து சீவிய மெல்லிய துண்டு ஒட்டியிருந்தது.

"எம் பொண்ணுக்கும் இது வந்துடக் கூடாதுன்னு சொல்லித்தான் தமயந்தி இதைக் கொடுத்தா. நல்லாப் பாருங்கண்ணே," என்றது ஸ்லைடு.

"பாக்கத்தானே வந்திருக்காங்க! நீ ஆடாம இரு, போட்டோ கெட்டுடும்," என்றது மைக்ரோஸ்கோப்.

அறக்கட்டளைத் தலைவர் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஐயோ, என்ன கோரமா இருக்கு!" என்று நெஞ்சில் கைவைத்தார். கேமராக்கள் மின்னின. கூட்டம் முதலில் உச்சுக்கொட்டியது, பிறகு கைதட்டியது.

ஸ்லைடுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உள்ளே ஒரே இருட்டா கிடக்கே! இவர் எதைப் பார்த்தாரு?"

"எல்லா ஊர்லயும் இப்படித்தான் பார்ப்பாங்க," என்றது மைக்ரோஸ்கோப் பெருமையாக. "நாளைக்கு அடுத்த ஊர்ல எனக்குத் திறப்பு விழா."

அதற்குள் அறக்கட்டளையின் டிரைவர் வந்து ஸ்லைடை ஓரமாக எடுத்துப் போட்டார். மாலையைக் கழற்றி, மைக்ரோஸ்கோப்பைப் பெட்டிக்குள் இறக்கினார்.

"அண்ணே, போகாதீங்க!" என்று ஸ்லைடு கதறியது. "ஒரே ஒரு தடவை உங்க விளக்கைப் போடச் சொல்லுங்க!"

பெட்டி மூடும்போது மைக்ரோஸ்கோப் திகைத்துப்போய்க் கேட்டது:

"விளக்கா? எனக்கு விளக்கு இருக்கா?"