கம்பி கட்டிய சுவிட்ச்

விமானம் மலையில் மோதி ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகிறது. பொறுக்கி வந்த உடைசல்கள் கொட்டகைத் தரையில் கிடக்கின்றன; விளக்கொளியில் அவற்றின் ஈரம் மினுங்குகிறது. "விமானி மேலதான் தப்பு," என்று வாய் கூசாமல் மறுபடியும் சொல்கிறார் கம்பெனி மேலாளர். "அவர் வந்து பதில் சொல்ல மாட்டார்ங்கிற தைரியமா சார்?" என்கிறாள் வாசலில் நிற்கும் விமானியின் மனைவி. விசாரணை அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுவிட்சை எடுத்து நீட்டுகிறாள். மலையோ தரையோ நெருங்கினால் கத்தும் எச்சரிக்கைக் கருவியினுடையது அது. அணைத்த நிலையிலேயே கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. கம்பியில் பழைய துரு. "இது என்ன சார்?" மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். "ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கத்துதும்மா. பயணிங்க பயப்படுறாங்க." "விமானி கட்டினாரா?" கைக்குட்டை நிற்கிறது. "அவரு வேணாம்னுதான் சொன்னாரு. கட்டச் சொன்னது நான்."