தானே ஆடிய பங்கா

வேலை இழந்த குடியைக் காப்பதே ராஜதர்மம் என்று சமஸ்தான அலுவலகமான கச்சேரியின் சுவரில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். அந்தத் தர்மம் மாதம் ஒரு மரக்கால் நொய்யாக அளக்கப்பட்டது. கூரையில் தொங்கும் துணி விசிறியான பங்காவைத் தாழ்வாரத்திலிருந்து கயிற்றால் இழுத்துவந்து, மின்விசிறி வந்ததும் வேலை போன ஆத்மநாதன், குடுமியான்மலையிலிருந்து நடந்து வந்து, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று நேரில் சொன்னால்தான் அதுவும் உண்டு.

இம்முறை மின்விசிறி பழுதாகி நின்றிருந்தது. அதிகாரியின் தலைக்கு மேல் பழைய பங்கா ஆடிக்கொண்டிருந்தது.

"வேலையும் பாக்குறே, நொய்யும் கேக்குறியா?" என்றார் அதிகாரி.

"நான் இங்கிட்டுத்தானே நிக்கிறேன் எசமான். கயித்த யாரு இழுக்குறா?"

இருவரும் தாழ்வாரத்தில் எட்டிப் பார்த்தார்கள். ஆளில்லை. கயிறு மட்டும், ஆத்மநாதன் இழுக்கிற வாகிலேயே இடையிடையே சுண்டிச் சுண்டி, போய் வந்துகொண்டிருந்தது.

"பங்கா ஆடுது. அப்ப ஒனக்கு வேலை இருக்கு" என்று அதிகாரி நொய்யை நிறுத்திக் கையெழுத்துப் போட்டார்.

"பிள்ளைக பட்டினிங்க எசமான்."

அதிகாரி அந்தக் காற்றில் வாயைத் திறந்தபடி தூங்கியிருந்தார்.