பின்னந்தலை

காலையில் எழுந்ததும் தருண் கெய்சரைப் போட்டான். பல் தேய்த்தான். சுடுதண்ணீரில் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் சற்று நேரம் நின்றான்.

பிறகு ரேசரின் பிடியைத் திருகினான். மேலே இரண்டு சின்னக் கதவுகள் திறந்தன. புது பிளேடை வைத்து மூடி, தலையில் நுரை பூசி, நெற்றியிலிருந்து உச்சிக்கு இழுத்தான். அழுத்தக் கூடாது. ரேசரின் கனமே போதும்.

முன்பக்கம் கண்ணுக்குத் தெரியும். பின்னந்தலை தெரியாது. அங்கே இடது கை விரல்கள் முன்னால் தடவிக்கொண்டு போக, ரேசர் பின்னாலேயே போக வேண்டும்.

வெளியே வந்ததும் மாமியார் சொர்ணம் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவன் உட்கார்ந்தான். கழுத்திலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

“காதுக்குப் பின்னாடி கொஞ்சம் நிக்குது மாப்ள.”

“இருக்கட்டும் அத்தை. அங்க கட்டி மாதிரி இருக்கு. எரியுது.”

“எரியும்தான். எம்பொண்ணு கேட்டது இது ஒண்ணுதானே.”

தருண் மறுபடியும் பாத்ரூமுக்குள் போனான்.

சிகிச்சையில் மனைவி இளவேனிலுக்கு முடி கொட்டத் தொடங்கியபோது அவன்தான் ட்ரிம்மரால் எடுத்துவிட்டான். அவள் தலையில் பிளேடு படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கே தன் தலையை இந்த ரேசரால் வழித்துக்கொண்டான். “டேய், வேகவெச்ச முட்டை மாதிரி இருக்கடா” என்று அவள் இருமல் வரும்வரை சிரித்தாள்.

அவள் போகும்போது அவன் பக்கத்தில் இல்லை. கீழே மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தான். ஓடி வந்தபோது சொர்ணம்தான் சொன்னாள், “அவரு இப்படியே மொட்டையா இருக்கட்டும்மான்னு சொல்லிட்டுக் கண்ண மூடிட்டா மாப்ள.”

சாகிறவள் கேட்டது. மாட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரே ஒரு தடவை வழிக்காமல் விட்டுப் பார்த்தான். தலை கறுக்கக் கறுக்க சொர்ணம் தட்டில் கை வைப்பது குறைந்தது. கேட்டால் வயிறு சரியில்லை என்றாள். பொறுக்க முடியாமல் அவன் ரேசரை எடுத்தான். அன்று காலை ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

இன்று காதுக்குப் பின்னால் ரேசர் போனபோது கட்டி உடைந்தது. கழுத்து வழியாக ரத்தம் இறங்கி பனியன் நனைந்தது.

“மஞ்சள் வெச்சா நின்னுடும்” என்றாள் சொர்ணம்.

“நிக்கல அத்தை. தெருமுனை கிளினிக்குக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“அங்க வேணாம். கோரமங்களா பக்கம் நல்ல டாக்டரா பாப்போம்.”

“இதுக்குப் போய் ஆட்டோவா? சிந்தியா சிஸ்டர் இப்ப அங்கதான் இருக்காங்க. நம்ம வார்டுல இருந்தாங்களே, அவங்க.”

சொர்ணம் துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி கூடவே இறங்கி வந்தாள்.

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ராகேஷ் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். “ஏன் குரு, திருப்பதியிலயே வீடு எடுத்துட்டியா? எப்பப் பாத்தாலும் மொட்டை. ஒரு லட்டுகூட கண்ணுல காட்டல.” சொர்ணத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினான். “நீங்களும் இங்கயே இருக்கீங்களே ஆன்ட்டி, ஊர்ல தேட மாட்டாங்களா?”

“குடியாத்தத்துல பூட்டுதான் தேடும் தம்பி.”

கிளினிக்கில் கூட்டம் இல்லை. சிந்தியா காயத்தைக் கழுவினாள். பஞ்சு பட்ட இடமெல்லாம் சுரீரென்றது.

“என்ன தருண், தலையா இது? எத்தனை கட்டி. இனிமே பிளேடே தொடக் கூடாது, சொல்லிட்டேன்.”

“முடியாது சிஸ்டர்.”

“ஏன் முடியாது? சீழ் பிடிச்சா யாரு பாக்கறது?”

“இளவேனில் கடைசியா கேட்டது இதுதான். நான் மொட்டையாவே இருக்கணும்னு.”

சிந்தியாவின் கை நின்றது. “யாரு சொன்னா?”

“அத்தைகிட்டதான் சொல்லியிருக்கா.”

“சிஸ்டர், சீக்கிரம் கட்டுப் போட்டு விடுங்க” என்றாள் சொர்ணம். “இவருக்கு ஆபீஸுக்கு நேரமாவுது.”

“ஞாயித்துக்கிழமை என்ன ஆன்ட்டி ஆபீஸ்?”

சுவரில் மின்விசிறி மட்டும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிந்தியா கத்தரிக்கோலை ட்ரேயில் வைத்தாள்.

“அந்தக் கடைசி நேரத்துல நான்தான் ட்ரிப்ஸ் மாத்திட்டிருந்தேன் தருண். அவங்கம்மா கையப் பிடிச்சிட்டுத்தான் இளவேனில் சொன்னாங்க. நானும் கேட்டேன்.”

“என்ன சொன்னா சிஸ்டர்?”

சிந்தியா சொர்ணத்தைப் பார்த்தாள். சொர்ணம் தரையைப் பார்த்தாள். அவளுடைய உள்ளங்கை தருணின் பின்னந்தலையில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

“‘அம்மா, அவனுக்கு முடி வளர்ற வரைக்கும் கூட இரு. அப்புறம் நீ ஊருக்குப் போயிடு.’”