இழுத்துப் பார்த்த பூட்டு

பூட்டிய பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் மீனலோசனிக்கு மனசு ஆறாது. இந்த வாடகை வீட்டின் கதவிலோ இழுத்துப் பார்க்கப் பூட்டே இல்லை. எல்லாம் கைபேசிச் செயலியில்தான். அதனால் படிக்கட்டில் காலடி கேட்டாலே, பூட்டியிருக்கும் கதவை இடது ஓரத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தி மறுபடியும் பூட்டுவாள். கதவு 'டக்' என்னும். திறந்தாலும் பூட்டினாலும் அதே சத்தம்தான். அதைக் கேட்ட பிறகே மூச்சு வரும்.

இன்று வந்தது அவள் விட்டுவிட்டு ஓடிவந்த கணவன். கதவுத் துளையில் தங்கதுரையின் பழைய புன்னகை தெரிந்தது. கண்ணை எடுக்காமலே இடது ஓரத்தை அழுத்தினாள். டக்.

"பூட்டுறியா? நல்லாப் பூட்டிக்க," என்றான் அன்பாக. "நா எங்கயும் போகல லோசனி. இங்கயே உக்காந்திருக்கேன்."

திரையைப் பார்த்தாள். காலையில் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. இடது ஓரத்தில் இப்போது திறக்கும் பச்சை; பூட்டு திறந்து கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது. சிவப்பைத் தொடப் போனாள். அதற்குள் ஒரு பெட்டி விரிந்து எல்லாவற்றையும் மறைத்தது. 'புதிய தோற்றம் பிடித்திருக்கிறதா?' ஐந்து நட்சத்திரங்களையும் கொடுத்தாள். பெட்டி போகவில்லை. 'மிக்க மகிழ்ச்சி. எது மிகவும் பிடித்தது என்று சொல்லுங்களேன்.'

வெளியே தங்கதுரை தரையில் உட்காரப்போகும் முனகல் கேட்டது. முழங்கால்வலிக்காரன். பிடிமானத்துக்காகக் கதவின் கைப்பிடியைப் பற்றினான்.